உள்ளூர்க் குரல்

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. பயம் ஒன்றும் இல்லை. எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்த பதினோரு மாதங்களில், கண்ணில் பட்ட ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொருவருக்கும் அவர் வேறு பெயர் வைத்தார். அப்படிப்பட்டவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் மரியாதையைத் தர எனக்கு மனமில்லை. என் நாட்குறிப்பிலும் முதல் நாளிலிருந்து அவர் 'அவர்' மட்டும்தான்.

முதல் நாள் ஒரு திங்கட்கிழமை. காலை பத்து நாற்பதுக்கு வந்தார். செருப்பை மாடிப்படியின் கீழேயே விட்டுவிட்டு வெறுங்காலுடன் ஏறி வந்தார். ஐம்பதுக்குள் இருக்கும். மணிக்கட்டுவரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் பல நிறங்களில் ஒட்டுச்சீட்டுகள். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர் என்பது வாயைத் திறந்ததும் தெரிந்தது.

"வணக்கமுங்க்கா. இங்க எல்லாத்தையும் எழுதி வெக்கிறது நீங்கதானுங்களா?"

நான்தான் என்றேன். செகந்திராபாத்தின் மாரெட்பள்ளி மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு மாடியில் இருக்கும் அந்தக் கூடத்தில் பதினான்கு வருடங்களாக அலுவலகப் பொறுப்பு என்னுடையது. யார் எத்தனை மணிக்கு வந்தார், என்ன பாடினார் அல்லது வாசித்தார், எத்தனை முறை எடுத்தோம், எத்தனை மணிக்குப் போனார் என்பதெல்லாம் ஒரு பதிவேட்டில் இருக்கும். அதில் அடித்தல் திருத்தல் கிடையாது. சந்தேகம் இருந்தால் முதலில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் பதிவேட்டில் எழுதுவேன்.

அவர் பதிவேட்டை வாங்கி நான்கு பக்கங்கள் புரட்டினார். ஒரு வரியைக்கூடப் படிக்கவில்லை. எழுத்தை மட்டும் பார்த்தார். பிறகு கூடத்தைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். மாப்பும் பக்கெட்டும் வைத்திருக்கும் சின்ன அறையின் முன் நின்றார்.

"இது என்ன ரூமுங்க்கா?"

"பக்கெட் வைக்கிற இடம்."

தலையை உள்ளே விட்டு, ஒரு முறை கை தட்டிப் பார்த்தார். "எதிரொலி அறைன்னு போட்டுக்கலாமுங்களா?"

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மாலை நான்கு மணிக்கு அந்தக் கதவில் ஒரு பச்சைச் சீட்டு ஒட்டியிருந்தது. உள்ளே பக்கெட் அப்படியே இருந்தது.

அவர் வந்ததற்குக் காரணம் அரசின் ஊக்கத்தொகைத் திட்டம். மாநிலத்துக்குள் பாட்டுகளும் தொடர்களும் தயாரித்தால், ஆன செலவில் ஒரு பங்கை அரசு திருப்பித் தரும். இந்த மாநிலத்துக் கலைஞர்களை வைத்துச் செய்தால் அந்தப் பங்கு இன்னும் கூடும். நல்ல திட்டம்தான், இன்றைக்கும் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் கூடத்தில் அப்போது பக்திப் பாடல்களும் சோப்பு விளம்பரங்களும்தான் மிச்சம். பெரிய வேலையெல்லாம் ஹைடெக் சிட்டிப் பக்கம் போய்விட்டது. முதலாளி நரசிம்மம்காரு ஒரு காலத்தில் நல்ல ஒலிப்பதிவாளர். காகிதம் என்றால் அவருக்குக் காய்ச்சல் வரும். ஒரு இணையத் தொடரின் தயாரிப்பாளர் தன் பாடல்களை எங்களிடம் பதிவுசெய்ய முன்வந்தபோது, கூடவே அனுப்பிவைத்த ஆள்தான் அவர். திட்டத்துக்கான ஃபைலைத் தயார் செய்வது அவர் வேலை.

அந்த வேலையைப் பெயர் மாற்றுவது என்று அவர் புரிந்து வைத்திருந்தார். எதையும் புதிதாக உண்டாக்க மாட்டார். இல்லாத ஆளை இருப்பதாக எழுத மாட்டார். இருப்பதை எடுத்து, அதற்கு எந்தப் பெயர் வைத்தால் விதிக்குள் வருமோ அந்தப் பெயரை வைப்பார். "பொய் சொல்றது பாவமுங்க்கா. நாம பொருளையா மாத்துறோம்? பொருளுக்குச் சட்டை மாத்துறோம்" என்பார். மதியம் டீ கொண்டுவருபவர் 'படப்பிடிப்பு உணவுச் சேவை' ஆனார். முதலாளியின் மனைவி வெள்ளிக்கிழமை அடிக்கும் பூஜை மணியை யாரோ ஒருமுறை விளையாட்டாகப் பதிவுசெய்து வைத்திருந்தார்கள். அது 'மரபு ஒலிச் சேகரிப்பு' ஆனது.

வாட்ச்மேன் யாதகிரியை அவர் 'களப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர்' என்று எழுதினார். யாதகிரிக்கு நானே அதைப் படித்துக் காட்டினேன். கேட் கம்பியைப் பிடித்தபடி, இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"ஜீதம் பெருகுதாம்மா?" சம்பளம் கூடுமா என்று கேட்டார்.

"கூடாது யாதகிரி. பேர் மட்டும்தான்."

"பேரு கொப்ப, ஊரு திப்ப" என்றார் யாதகிரி. பெயர் பெரிசு, ஊர் குப்பைமேடு என்று தெலுங்கில் ஒரு பழமொழி. அதற்குப் பிறகு அவரைக் கண்டால் யாதகிரி எழுந்து சல்யூட் அடிப்பார். அவர் படியேறியதும் காறித் துப்புவார். இரண்டையும் ஒரே ஒழுங்கோடு செய்தார்.

அவர் யாரையும் ஒருமையில் அழைத்ததில்லை. நாயைக்கூட "போங்க, போங்க" என்றுதான் விரட்டுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. சரியாக ஒரு மணிக்குத் தயிர்சாதம்; சாப்பிட்ட இடத்தை அவரே துடைப்பார். ஃபைலின் நான்கு மூலைகளும் மேசை விளிம்புக்கு நேராக இருக்க வேண்டும். இதையெல்லாம் எழுதும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் இவை என்னுடைய பழக்கங்களும்தான். என் மேசைக்கு வந்து, பென்சில்கள் உயர வரிசையில் இருப்பதைப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்:

"நீங்களும் நானும் ஒரே ரகமுங்க்கா. மத்தவங்களுக்கு இது புரியாது."

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். அன்று வீட்டுக்குப் போய் நாட்குறிப்பில் அந்த வாக்கியத்தை முழுதாக எழுதி வைத்தேன். என் ஒழுங்கைக் கேலி செய்தவர்கள் உண்டு. பாராட்டியவர் அதுவரை ஒருவரும் இல்லை.

எனக்கு ஒவ்வாத ஒன்று ஆரம்பத்திலிருந்தே இருந்தது. அவர் பாட்டுக் கேட்க மாட்டார். பதினோரு மாதம் ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த மனிதர், ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை கேட்டு நான் பார்க்கவில்லை. மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்கும்போது இவர் ஒட்டுச்சீட்டு உரித்துக்கொண்டிருப்பார். ஒருமுறை புல்லாங்குழல்காரர் வாசித்து முடித்ததும் மற்றவர்கள் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்து, "முடிஞ்சுதுங்களா? ஆதார் கொண்டாந்திருக்கீங்களா?" என்றார்.

இனி ஸ்டெல்லாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டெல்லா என் தங்கை. எங்கள் தாத்தா நாசரேத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். அப்பாவுக்கும் மௌலா அலியில் ரயில்வே வேலைதான். நாங்கள் இருவரும் செகந்திராபாத்தில் பிறந்தோம், இங்கேயே படித்தோம், எங்கள் பேச்சில் தமிழும் தெலுங்கும் தக்கனி ஹிந்தியும் கலந்து கிடக்கும். ஸ்டெல்லாவின் கணவர் ஜெயராஜுக்குக் காஞ்சன்பாக்கில் தொழிற்சாலை வேலை. ஸ்டெல்லா பத்தொன்பது வருடங்களாக ட்ராக் பாடுகிறாள்.

ட்ராக் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பெரிய பாடகர் வருவதற்கு முன், பாட்டு எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக ஒருவர் முழுப் பாட்டையும் பாடிவைப்பார். பெரியவர் வந்து அதைக் கேட்டு, அதே வளைவுகளோடு பாடிவிட்டுப் போவார். பிறகு முதலில் பாடிய குரலை அழித்துவிடுவார்கள். ஸ்டெல்லா பாடி அழிந்த பாட்டுகளை எண்ணினால் ஒரு வாழ்நாள் பாட்டு இருக்கும். அவள் இதற்காக வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. "என் குரல் வாடகை வீடுக்கா. யாராச்சும் வர்ற வரைக்கும் பெருக்கி வெச்சிருப்பேன்" என்று சிரிப்பாள்.

அந்தத் தொடரின் முகப்புப் பாட்டுக்கும் ட்ராக் பாட அவளைத்தான் கூப்பிட்டார்கள். புதன்கிழமை பிற்பகல் இரண்டு பத்துக்கு மைக் முன் நின்றாள்; நான்கு நாற்பதுக்கு முடித்தாள். எட்டாவது முறை எடுத்தது தேறியது. சென்னையிலிருந்து வரவேண்டிய பிரபல பாடகி இன்று, நாளை என்று மூன்று வாரம் தள்ளிப்போட்டார். அதற்குள் இயக்குநர் ஸ்டெல்லாவின் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். ஒருநாள் நேரில் வந்து, "இதி தீயொத்து. ஈ கொந்தே உண்டனி" என்றார். இதை எடுக்க வேண்டாம், இந்தக் குரலே இருக்கட்டும் என்று. நரசிம்மம்காரு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

ஸ்டெல்லாவுக்கு நான்தான் போனில் சொன்னேன்.

"ஹலோ? ஸ்டெல்லா?"

"இருக்கேன்க்கா. திரையில பேர் வருமா?"

"வரும்னு சொன்னார்."

"பாடியவர்னு போட்டு?"

"ஹவ்." ஆமாம் என்பதற்கு எங்கள் தக்கனிச் சொல்.

"நக்கோக்கா, யாருகிட்டயும் சொல்லாதே. வந்தப்புறம் சொல்லலாம்" என்றாள். ஆனால் அவளே ஜெயராஜிடமும், மாமியாரிடமும், சர்ச் பாடகர் குழுவில் அத்தனை பேரிடமும் அன்று மாலைக்குள் சொல்லிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து அவர் என் மேசைக்கு வந்தார். முதன்மைக் குரல் உள்ளூர்க் கலைஞருடையது என்றால் அரசின் பங்கு கூடும் என்றார். "நம்ம தங்கச்சி இங்கயே பொறந்தவங்க. அருமையா அமைஞ்சுதுங்க்கா" என்று கைகூப்பினார். அவளுடைய காகிதங்களைக் கேட்டார். ஸ்டெல்லா ஒரு மஞ்சள் பையில் எல்லாவற்றையும் கொண்டுவந்தாள். நாங்கள் மூவரும் திட்டத்தைக் கவனிக்கும் அரசு அலுவலகத்துக்குப் போனோம்.

கல்யாணத்துக்கு முன் வாங்கிய ரேஷன் அட்டையில் அவள் எஸ். ஸ்டெல்லா, எங்கள் அப்பா சாமுவேல். ஆதாரில் ஜே. ஸ்டெல்லா, கணவர் ஜெயராஜ். பள்ளிச் சான்றிதழில் ஸ்டெல்லா சாமுவேல். எந்தத் தமிழ் வீட்டிலும் ஒரு பெண்ணிடம் இருக்கக்கூடிய காகிதங்கள்தான். தெலுங்கர்களுக்குப் பெயருக்கு முன்னால் வருவது குடும்பத்தின் வீட்டுப் பெயர். அது தலைமுறையாக வருவது. கவுண்டரில் இருந்த குமாஸ்தா மூன்றையும் வரிசையாக வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"முக்குரு அக்கசெல்லெள்ளா?" மூன்று பேரும் அக்கா தங்கைகளா என்று கேட்டார்.

"காது சார், ஒக்கத்தே" என்றாள் ஸ்டெல்லா. இல்லை, ஒருத்திதான்.

"இன்ட்டி பேரு ஏமிட்டி?"

"மாகு இன்ட்டி பேரு உண்டது சார்." எங்களுக்கு வீட்டுப் பெயர் என்று ஒன்று கிடையாது என்றாள்.

"இன்ட்டி பேரு லேதா? இல்லு உந்தா, அதி கூட லேதா?" வீட்டுப் பெயர்தான் இல்லை, வீடாவது இருக்கிறதா?

"இல்லு உந்தி சார். பேரே லேது." வீடு இருக்கிறது, பெயர்தான் இல்லை என்றாள்.

குமாஸ்தா வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்துக் கவுண்டர்க்காரரையும் கூப்பிட்டுச் சொன்னார். நல்ல மனிதர். இது பெரிய விஷயமே இல்லை, மூன்று பெயரும் ஒருவரே என்று முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கி வந்தால் போதும், நானே சேர்த்துவிடுகிறேன் என்று தெலுங்கில் நிதானமாக விளக்கினார். எங்களோடு வந்திருந்த அவர் அத்தனையையும் கேட்டுத் தலையாட்டினார். மஞ்சள் பையை ஸ்டெல்லாவிடமிருந்து தானே வாங்கிக்கொண்டார்.

"நான் பார்த்துக்கிறேனுங்க. நீங்க தொண்டையைப் பார்த்துக்குங்க."

ஸ்டெல்லா ஆட்டோவில் வரும்போது, "கைக்கு எல்லாரும் அவரைத் திட்டுறாங்க? நல்ல ஆள்தானேக்கா" என்றாள். கைக்கு என்றால் தக்கனியில் ஏன்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை சென்னைப் பாடகி வந்தார். தயாரிப்பாளர் அவருக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்ததால், பாட்டின் தொடக்கத்தில் ஒரு ஹம்மிங் மட்டும் பாடினார். பன்னிரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. படியிறங்கும்போது ஸ்டெல்லாவின் குரலைக் கேட்டு, "யார் இது? ரொம்ப நல்லா இருக்கே" என்று உண்மையாகவே சொன்னார். நான் பதிவேட்டில் பாடகியின் பெயரை எழுதி, 'ஹம்மிங், தொடக்கம்' என்று குறித்தேன்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு அவர் ஒரு முத்திரைத்தாளை என்னிடம் கொடுத்து மூன்று ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னார். எதையும் படிக்காமல் நகலெடுக்கும் பழக்கம் எனக்கு இல்லை. இரண்டு பெயரும் ஒருவரே என்று அதில் எழுதி, நோட்டரி முத்திரை போட்டிருந்தது. பெயர் ஸ்டெல்லாவுடையது இல்லை.

"இது யாருக்கு?"

"பாடகியம்மாவுக்குங்க்கா. எண் கணிதத்துக்காகப் பேருல ஒரு எழுத்துச் சேர்த்துட்டாங்க. பழைய பேப்பர்ல அந்த எழுத்து இல்லீங்க. கச்சிபௌலியில ஃப்ளாட் இருக்குதுங்க. கரண்ட் பில், வரி ரசீது எல்லாம் சுத்தமா வெச்சிருக்காங்க. உள்ளூர்னு காட்டுறதுக்கு அது போதுமுங்க."

"ஸ்டெல்லாவுக்குப் பத்திரம்?"

"அவங்களுக்கு மூணு பேருங்க்கா. ரெண்டுன்னா சமாளிச்சுக்கலாம்."

பக்கெட் அறையை எதிரொலி அறையாக்கியவர் இதைச் சொன்னார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. நான் நின்றபடியே கேட்டேன்.

"பாட்டு முழுக்கப் பாடினது யாரு? நீங்க கேட்டீங்களா?"

"கேக்கோணும்னு இல்லீங்களே. முதல்ல வர்ற குரல்தானுங்க்கா முதன்மைக் குரல். அது பாடகியம்மா குரல். அப்புறமா வர்றது வழிகாட்டுக் குரல். ட்ராக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே, ட்ராக்குன்னா வழிகாட்டுறதுதானுங்களே?"

எழுதியிருந்தேன். அந்தப் புதன்கிழமை இரண்டு பத்துக்கு அது ட்ராக்தான். மூன்று வாரம் கழித்துத்தான் அது பாட்டானது. என் பதிவேட்டில் நடந்தது நடந்த நேரத்தில் எழுதப்படும். பிறகு நடந்ததற்கு அங்கே இடமில்லை. அதனால் இயக்குநர் சொன்னதைத் தனியாக, அவர் வந்த நாளின் பக்கத்தில் எழுதியிருந்தேன்: 'ஸ்டெல்லாவின் பதிவையே பாட்டாக வைத்துக்கொள்ள முடிவு.' அந்த வரிதான் அவருக்கு இடைஞ்சல்.

"பதிவேட்டைப் புதுசா ஒண்ணு எடுத்துக்கலாமுங்க்கா. இது ஓரமெல்லாம் கிழிஞ்சிருக்குதுங்க. அப்படியே பார்த்து எழுதிடுங்க. அந்த ஒரு வரி மட்டும் வேண்டாமுங்க. பாடகியம்மா வந்த நாள்ல 'முதன்மைக் குரல்'னு, தங்கச்சி வரியில 'வழிகாட்டுக் குரல்'னு போட்டுடுங்க."

நரசிம்மம்காரு கதவருகில் வந்து நின்றார். இயக்குநருக்குப் போன் செய்தீர்களா என்று கேட்டேன். மூன்று நாளாக எடுக்கவில்லை என்றார். தயாரிப்பாளருக்குப் பெரிய பெயர்தான் வேண்டுமாம். ஃபைல் தேறாவிட்டால் அடுத்த வேலை வராது, அடுத்த வேலை வராவிட்டால் கூடத்தை மூடிவிட்டுத் துணி குடோனுக்கு வாடகைக்கு விட வேண்டியதுதான் என்றார். இதையெல்லாம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். கடைசியில், "நீ இஷ்டம் அம்மா", உன் விருப்பம், என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"வேற யாரையாவது வெச்சு எழுதிக்குங்க" என்றேன் அவரிடம்.

"வேற யாரு எழுதினாலும் சந்தேகம் வருமுங்க்கா" என்றார், முன்னெப்போதையும்விட மென்மையாக. "உங்க எழுத்துக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க. பார்த்ததுமே தெரியுது. அதுதானுங்க வேணும்."

இதைச் சொல்வதற்கு மனிதருக்குள் என்ன இருக்க வேண்டும் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அவர் மிரட்டவில்லை. கெஞ்சவில்லை. என்னைப் புகழ்ந்தார். ஒரு மனுஷியிடம் இருக்கும் ஒரே நல்ல சாமானை அடையாளம் கண்டு, அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்று பார்த்து வைத்திருந்தார். வந்த முதல் நாள் பதிவேட்டைப் படிக்காமல் எழுத்தை மட்டும் பார்த்தது எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது.

சனிக்கிழமை காலை பதினொன்று ஐந்துக்குப் புதுப் பதிவேட்டைத் திறந்தேன். இரண்டரை மணிக்கு முடித்தேன். அடித்தல் திருத்தல் இல்லை.

அதன் பிறகு நடந்ததில் பெரும்பகுதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஃபைல் தேறியது. கூடத்தை மூடவில்லை, அடுத்த ஆண்டு இரண்டு தொடர்களின் வேலை வந்தது. அவர் வேறொரு மாநிலத்தில் வேறொரு திட்டம் வந்ததும் அங்கே போய்விட்டார். போகும்போது எனக்கு ஒரு பார்க்கர் பேனா கொடுத்தார். வாங்க மாட்டேன் என்றதும், "பேனான்னு நினைச்சா வேண்டாமுங்க்கா, ஞாபகம்னு வெச்சுக்குங்க" என்றார். போகிற போக்கில் அதற்கும் ஒரு பெயர். அதை யாதகிரியிடம் கொடுத்தேன். யாதகிரி அதை விற்றுவிட்டார். போன மாதம் மாரெட்பள்ளி ஸ்வீட் கடையில், ஊருக்குத் திரும்பி வந்திருந்த அவரைத் தூரத்திலிருந்து பார்த்தேன். தலை நரைத்திருந்தது. கடைக்காரரிடம் ஏதோ பணிவாகப் பேசிக்கொண்டிருந்தார். நான் எதிர்ப்பக்கம் கடந்துவிட்டேன். கூப்பிட்டிருந்தால் என்னை அக்கா என்றுதான் அழைத்திருப்பார். அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

அந்தச் சனிக்கிழமையின் பிற்பகுதியை மட்டும் இன்னும் எழுதவில்லை.

பதிவேட்டில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, வந்தவர் கையெழுத்துப் போட வேண்டும். மற்றவர்களிடம் அவரே போய் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். ஸ்டெல்லா மூன்றேகாலுக்கு ஒரு ஹேர் ஆயில் விளம்பரத்துக்குக் கோரஸ் பாட வந்தாள். தலையில் மல்லிகைப்பூ. அவளுக்கு ஒன்றும் தெரியாது. பத்திரம் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே என் அறைக்குள் வந்தாள். அவர் எழுந்து அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். பதிவேட்டை அவள் பக்கமாகத் திருப்பி, விரலால் வரியைக் காட்டினார்.

ஸ்டெல்லா படித்தாள். தன் வரியைப் படித்தாள். பக்கத்தைத் திருப்பி, பாடகி வந்த செவ்வாய்க்கிழமையைப் படித்தாள். பிறகு இயக்குநர் வந்த நாளைத் தேடினாள். அந்த நாளில் 'இயக்குநர் வருகை, காலை பதினொன்று இருபது' என்று மட்டும் இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள்.

"வழிகாட்டுக் குரல்னா என்ன சார்?"

"கௌரவமான பேருங்க. ட்ராக்குன்னு சொன்னா நல்லா இல்லீங்களே."

"திரையில வருமா?"

"விதியில இடமில்லீங்க."

மைக் அறையிலிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் பேனாவை எடுத்தாள். வரியின் மேல் நிறுத்தி வைத்துக்கொண்டாள்.

"எந்தப் பேருல போடட்டும்? எஸ்ஸா, ஜேயா? மூணு பேர் இருக்கோமே."

அவர் நிம்மதியாகப் புன்னகைத்தார். "எது வேணும்னாலும் போடுங்க. இந்த இடத்துக்கு அதெல்லாம் பார்க்க மாட்டாங்க."

ஸ்டெல்லா எந்த எழுத்தும் முன்னால் சேர்க்காமல், தமிழில், பெயரை மட்டும் எழுதினாள். போய்க் கோரஸ் பாடினாள். ஒன்றரை மணி நேரம் பாடினாள். ஒரு இடத்திலும் சுருதி விலகவில்லை. நான் வெளியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஐந்து மணிக்கு இருவரும் சேர்ந்து இறங்கினோம். மார்க்கெட் முனையில் ஆட்டோவுக்கு நின்றோம். நான் அவரைத் திட்டத் தொடங்கினேன். பத்திரம் பற்றிச் சொன்னேன், பாடகியின் கூடுதல் எழுத்தைப் பற்றிச் சொன்னேன், நரசிம்மம்காருவின் முகத்தைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் வரிசையாக, எந்த நாள் எத்தனை மணி என்பதோடு சொன்னேன். அந்த ஆள் மனுஷனே இல்லை என்றேன்.

ஸ்டெல்லா பூவை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அவரை எதுக்குக்கா திட்டுறே? அவர் எழுதலையே" என்றாள்.